நின்று ஊற்று: துப்பாக்கி விளையாட்டில் கால்கள் எப்படி இயங்குகின்றன?

வலோரன்ட் என்ற கணினித் துப்பாக்கி விளையாட்டில் 'லோட்டஸ்' என்று ஒரு மேப், அதாவது ஆட்டக்களம், இருக்கிறது. 2023 ஜனவரியில் வந்தது. பழைய கல் கட்டடங்கள், ஒடுங்கிய வழிகள், கையால் தொட்டால் சுழலும் பெரிய கல் கதவுகள். கதைப்படி அந்த இடம் இருப்பது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில். பழனி மலைகள் அந்தத் தொடரிலிருந்து கிழக்கே நீளும் ஒரு கிளைதான். ஆகவே கொடைக்கானலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு இரவில் லோட்டஸ் ஆடும் பையன், கதைக் கணக்கில் தன் மலையின் தாய்த்தொடரில்தான் ஓடிக்கொண்டிருக்கிறான்.

அவன் பக்கத்தில் விளையாட்டு தெரியாத ஒருவர் உட்கார்ந்து பார்த்தால் அவர் கண்ணில் படுவது துப்பாக்கியும் திரையின் நடுவில் இருக்கும் குறிப்புள்ளியும்தான். மவுஸ் பிடித்த வலது கையைப் பார்ப்பார். குறிவைப்பதில் கெட்டிக்காரன் என்பார். பார்க்க வேண்டியது இடது கையை. டபிள்யூ, ஏ, எஸ், டி என்ற நான்கு விசைகளின் மேல் கிடக்கும் மூன்று விரல்கள்தான் பெரும்பாலான சண்டைகளை முடித்துவைக்கின்றன.

காரணம் இந்த விளையாட்டுகளின் விதி. கவுன்ட்டர்-ஸ்ட்ரைக், வலோரன்ட் போன்ற டாக்டிகல் ஷூட்டர்களில் ஒரு சுற்றுக்கு ஓர் உயிர்தான். செத்தால் அடுத்த சுற்றுவரை வேடிக்கை பார்க்க வேண்டும். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கின் ஏகே-47-க்கும் வலோரன்ட்டின் வேண்டல் துப்பாக்கிக்கும் தலையில் ஒரு குண்டு பட்டால் போதும், ஆள் காலி. அப்படியிருக்க, நூறு குண்டை வேகமாகத் தெளிப்பவனுக்கு இங்கே வேலையில்லை. முதல் குண்டை நேராக அனுப்புகிறவனுக்குத்தான் வேலை. முதல் குண்டு நேராகப் போக வேண்டுமென்றால் கால் நின்றிருக்க வேண்டும். நகர்வது எப்படி என்ற கேள்வி இந்த விளையாட்டில் உண்மையில் எப்போது, எவ்வளவு சீக்கிரம் நிற்பது என்ற கேள்வி.

இதைப் புரிந்துகொள்ள பழனி வட்டாரத்துக்காரர்களுக்குப் பந்தியைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. தைப்பூசத்துக்கு நடந்து வருகிறவர்களுக்குத் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் பக்கம் சாலையோரம் பந்தல் போட்டு அன்னதானம் நடக்கும். அடுப்படி பின்பக்கம், தட்டியால் மறைத்திருக்கும். அங்கிருந்து சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்கு ஓட வேண்டும். இலை போட்டு உட்கார்ந்தவர்கள் காலையிலிருந்து நடந்தவர்கள். காத்திருக்க வைக்கக் கூடாது. அதனால் எல்லோரும் ஓட்டமும் நடையுமாகத்தான் பரிமாறுவார்கள். முதல்முறை வாளி தூக்குகிற பையன் ஓடிக்கொண்டே கரண்டியைச் சாய்ப்பான். "தம்பி, நின்னு ஊத்துப்பா! ஓடிக்கிட்டே ஊத்துனா எலையில விழாது, அவர் மடியிலதான் விழும்" என்று சமையல் மாஸ்டர் அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பார்.

வாளியைத் துப்பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாளிக்குள் தளும்பும் சாம்பார்தான் குண்டின் சிதறல்.

முதலில் கனம். வெறுங்கையோடு ஓடுகிறவனின் வேகம் வாளி தூக்கியவனுக்கு வராது. சட்னி வாளிக்காரனின் வேகம் சாம்பார் அண்டா தூக்கியவனுக்கு வராது. கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கில் கத்தியை மட்டும் பிடித்திருந்தால் விநாடிக்கு 250 அலகு தூரம் ஓடலாம். எம்4ஏ4 கையில் இருந்தால் 225, ஏகே-47 என்றால் 215, தொலைநோக்கி வைத்த கனத்த ஏடபிள்யூபி என்றால் 200. வலோரன்ட்டில் கத்தியோடு விநாடிக்கு 6.75 மீட்டர், ரைஃபிளோடு 5.4 மீட்டர். சுற்று தொடங்கியதும் எல்லோரும் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடுவது ஸ்டைலுக்காக என்று புதிதாகப் பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். ஒரு முனையை எதிரிக்கு முன்னால் போய்ப் பிடிக்க அந்த வேக வித்தியாசம் தேவைப்படுகிறது. எங்கே கத்தியைப் போட்டுவிட்டுத் துப்பாக்கியை எடுப்பது என்பதும் ஒரு கணக்கு. எதிரி தென்படக்கூடிய முதல் மூலைக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது தளும்பல். ஓடும்போது உங்கள் குறிப்புள்ளி எதிரியின் நெற்றியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் குண்டு அங்கே போகாது. ஒவ்வொரு குண்டையும் கணினி ஒரு கூம்புக்குள் ஏதோ ஒரு திசையில் அனுப்புகிறது. நின்றால் கூம்பு ஒடுங்கும், ஓடினால் விரியும், குதித்தால் மிக அகலமாக விரியும். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கில் இதற்கு ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். கையிலுள்ள துப்பாக்கிக்குரிய முழு வேகத்தில் 34 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் ஓட்டத்தால் வரும் சிதறல் இல்லை. ஏகே-47-க்கு அது விநாடிக்கு ஏறக்குறைய 73 அலகு. முற்றிலும் நிற்க வேண்டும் என்றுகூட இல்லை, அந்தக் கோட்டுக்குக் கீழே வந்தால் போதும். தேர்ந்த பரிமாறுகிறவர்களும் கல்லாக நிற்பதில்லை. தளும்பல் அடங்கும் அளவுக்கு நடை தணிந்த அந்தக் கணத்தில் கரண்டி இலைக்குப் போய்த் திரும்பிவிடும்.

சிக்கல் என்னவென்றால், நிற்க நினைத்த உடனே நிற்க முடியாது. விளையாட்டுக்குள்ளும் உடம்புக்கு ஓட்டத்தின் வேகம் ஒட்டியிருக்கிறது. டி விசையை அழுத்தி வலப்பக்கம் ஓடுகிறீர்கள்; விரலை எடுக்கிறீர்கள். தரையின் உராய்வு மட்டுமே உங்களை நிறுத்தப் பார்க்கிறது, நீங்கள் சற்று வழுக்கிக்கொண்டே போகிறீர்கள். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கின் உராய்வு எண் 5.2. அதை வைத்துக் கணக்குப் போட்டால், ஏகே-47-ஓடு 215-ல் ஓடுகிறவன் 73-க்கு இறங்க ஏறத்தாழ 0.2 விநாடி ஆகும். ஒரு மனிதன் எதையாவது பார்த்து விரலை அசைக்கவே ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும். அதாவது நீங்கள் வழுக்கி முடிப்பதற்குள் எதிரி உங்களைக் கண்டு, முடிவெடுத்து, சுட்டு முடித்திருப்பான்.

பந்தியில் அனுபவசாலி என்ன செய்கிறார் என்று கவனித்துப் பாருங்கள். இலைக்கு ஓர் அடி முன்பே முன்காலை ஊன்றுகிறார். இடுப்பிலிருந்து மேலுடம்பைப் பின்னுக்குச் சாய்க்கிறார். வாளி பிடித்த கையும் வந்த திசைக்கு எதிராக லேசாக இழுக்கிறது. ஓட்டத்தை அதற்கு எதிரான இன்னோர் அசைவால் கொல்கிறார். சாம்பார் ஒருமுறை விளிம்பைத் தொட்டுவிட்டு அடங்குகிறது.

இதுதான் கவுன்ட்டர்-ஸ்ட்ரேஃப். வலப்பக்கம் ஓடும்போது டி-யை விட்டுவிட்டு ஒரு கணம் ஏ-வைத் தட்டுவது. உராய்வோடு எதிர்த்திசை உந்துதலும் சேர்ந்துகொள்ள, அந்த 0.2 விநாடி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. தட்டுவது என்ற சொல்லைக் கவனியுங்கள். ஏ-வை ஒரு கணம் அதிகமாக அழுத்திவிட்டால் வேகம் பூஜ்யத்தைத் தாண்டி மறுபக்கம் ஓடத் தொடங்கிவிடுவீர்கள். கூம்பு மறுபடி விரியும். சுடும் விரலும் அந்தத் தட்டலோடு ஒத்துப்போக வேண்டும்: முந்தினால் சிதறல், பிந்தினால் எதிரியின் குண்டு.

என் அக்கா மகன் ஒருநாள் கோபமாகச் சொன்னான்: "மாமா, நான் தலையிலதான் வெச்சேன். புல்லட்டு எங்க போச்சுன்னே தெரியல."

"டி-ய விட்டியா?"

"விட்டேனே."

"ஏ தட்டுனியா?"

பதில் வரவில்லை. ஆளில்லாத மேப் ஒன்றைத் திறந்து ஒரு வெள்ளைச் சுவரின் முன் அவனை நிறுத்தினேன். முதலில் விசையை விட்டதும் சுட்டான்; சுவரில் குண்டுத் தடங்கள் ஆளுக்கொரு பக்கம் கிடந்தன. பிறகு எதிர்விசையைத் தட்டிச் சுட்டான். தடங்கள் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. குறி இரண்டு முறையும் ஒன்றேதான். அன்றைக்கு அவன் கால் மாறியதற்கு என் பேச்சு காரணமில்லை, அந்தச் சுவர்தான் காரணம். புதிதாகக் கற்பவர்கள் எல்லோருக்கும் நான் அந்தச் சுவரைத்தான் காட்டுவேன்.

வலோரன்ட்டில் இந்த வழுக்கல் குறைவு. விசையை விட்டாலே உடம்பு சீக்கிரம் நிற்கிறது; எதிர்விசையால் கிடைக்கும் லாபம் சிறியது. ஆனாலும் நின்று சுடு என்ற விதி அப்படியே இருக்கிறது. கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கில் பழகியவர்கள் வலோரன்ட்டுக்கு வந்ததும் நிம்மதியாக மூச்சு விடுவார்கள்; மறுதிசையில் போகிறவர்கள் முதல் சில நாள் குண்டையெல்லாம் சுவருக்கே கொடுப்பார்கள்.

இனி மூலை. பந்தலில் அடுப்படியும் பந்தியும் சந்திக்கும் தட்டி முனைதான் ஆபத்தான இடம். உள்ளேயிருந்து ஒருவர் சோற்றுக் கூடையோடு வருவார், வெளியேயிருந்து ஒருவர் காலி வாளியோடு போவார். தட்டியை உரசிக்கொண்டு திரும்புகிறவன் எதிராளியின் மேல் மோதின பிறகுதான் அவரைப் பார்ப்பான். தட்டியிலிருந்து தள்ளி, அகலமாக வளைந்து வருகிறவனுக்கு உள்ளேயிருப்பவரின் தோள் முன்கூட்டியே தெரிந்துவிடும். இது வெறும் வடிவக்கணக்கு. மூலையின் முனையை ஒட்டி நிற்பவனைவிட அதிலிருந்து தள்ளி நிற்பவன் எதிரியின் உடம்பை முதலில் காண்கிறான், தன் உடம்பு அவனுக்குத் தெரிவதற்கு முன்பே. புதியவர்கள் சுவரை ஒட்டி நிற்பதைப் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். தோளையும் முழங்கையையும் எதிரிக்கு முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான்.

மூலையைத் தாண்டி எட்டிப் பார்ப்பதை விளையாடுகிறவர்கள் பீக் என்கிறார்கள். அதில் பல வகை. ஒவ்வோர் அடியாகப் பக்கவாட்டில் நகர்ந்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஒளிவிடத்தை மட்டும் தன் பார்வைக்குத் திறந்துகொள்வது ஒன்று, நிதானக்காரர்களின் வழி. எதிரி எங்கே இருக்கிறான் என்று உறுதியாகத் தெரிந்தால் ஒரே வீச்சில் அகலமாக வெளியே வருவது ஸ்விங்; அவன் குறிவைத்த இடத்தைத் தாண்டிப் போய் நிற்பதால் அவன் மவுஸை நகர்த்தித்தான் சுட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது தோள் காட்டுவது. மறுமுனையில் ஒருவன் ஏடபிள்யூபி வைத்துக் காத்திருக்கிறான். அந்தத் துப்பாக்கி உடம்பில் எங்கே பட்டாலும் பெரும்பாலும் ஒரே குண்டில் முடித்துவிடும். ஆனால் அடுத்த குண்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை விநாடி காக்க வேண்டும். நீங்கள் டி-யை ஒரு கணம், உடனே ஏ-வை ஒரு கணம் தட்டித் தோளை மட்டும் வெளியே காட்டி இழுத்துக்கொள்கிறீர்கள். பதற்றத்தில் அவன் சுட்டுவிடுகிறான். குண்டு சுவரில் படுகிறது. அந்த ஒன்றரை விநாடி இப்போது உங்களுடையது. வெளியே வந்து, நின்று, நிதானமாகச் சுடலாம். கவுன்ட்டர்-ஸ்ட்ரேஃபுக்குப் பழகிய அதே இரண்டு விரல்கள்தான் இதையும் செய்கின்றன.

காலடிச் சத்தம் தனிக்கதை. ஓடினால் கேட்கும், ஷிஃப்ட்டை அழுத்தி மெல்ல நடந்தால் கேட்காது. கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கில் அப்படி நடந்தால் வேகம் முழு ஓட்டத்தில் பாதியளவுதான். மௌனம் வேண்டுமானால் நேரத்தைக் கொடுக்க வேண்டும். லோட்டஸின் கல் கதவைச் சுழற்றினால் அந்த உருளும் ஓசை தூரத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கிறது. அதனால் அந்தக் கதவு வழியாக உண்மையில் போவதற்கும் பயன்படுகிறது. கதவை மட்டும் திருப்பிவிட்டு எதிரிகளை அந்தப் பக்கம் ஓடவைத்து, மறுவழியில் மெல்ல நடந்து போவதற்கும் பயன்படுகிறது. மற்ற மேப்புகளில் பெரும்பாலும் எதிரணி வெடிகுண்டு வைக்க வரும் இரண்டு தளங்களைக் காத்தால் போதும், லோட்டஸில் மூன்று. காவலர்கள் ஓட வேண்டிய தூரம் கூடுகிறது, ஆகவே சத்தத்தைத் தவறாகப் படித்தால் இழப்பும் கூடுகிறது.

குதிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாளியோடு குதித்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். எட்டிப் பார்த்துத் தகவல் எடுக்கவும் பெட்டிகளின் மேல் ஏறவும் குதிக்கலாம், சுடக் கூடாது. தொடர்ந்து குதித்தே வேகம் சேர்க்கும் பன்னி-ஹாப் பற்றிப் பழைய ஆட்டக்காரர்கள் ஆசையாகப் பேசுவார்கள். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 1999-ல் ஹாஃப்-லைஃப் விளையாட்டின் மேல் மின் லேயும் ஜெஸ் கிளிஃபும் கட்டியது. ஹாஃப்-லைஃபின் எஞ்சின் குவேக் என்ற விளையாட்டிலிருந்து வந்தது. குவேக்கின் நிரல் காற்றில் இருப்பவனின் மொத்த வேகத்தைக் கட்டுப்படுத்தவில்லை. அவன் போக விரும்பும் திசையில் உள்ள வேகத்தை மட்டுமே கட்டுப்படுத்தியது. மவுஸையும் பக்கவாட்டு விசையையும் ஒன்றாகத் திருப்பிக்கொண்டே போனால் அந்த இடைவெளி வழியாக வேகம் சேர்ந்துகொண்டே போகும். தரையைத் தொட்ட கணமே மறுபடி குதித்தால் உராய்வுக்கும் வேலையில்லை. பிறகு வந்த பதிப்புகள் அதற்குக் கடிவாளம் போட்டன. அழகான வித்தைதான். ஆனால் நின்று சுடும் விளையாட்டில் அதன் இடம் ஓரத்தில்தான் என்று நினைக்கிறேன்.

இதுவரை பந்தி துணைக்கு வந்தது. இணையம் என்று வரும்போது அதை விட்டுவிட வேண்டும், ஏனென்றால் பந்தியில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். 2000-களில் ஊர் பிரௌசிங் சென்டரில் ஒரே அறையில் கேபிள் போட்டு கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 1.6 ஆடியவர்களும் அப்படித்தான் இருந்தார்கள். இப்போது கொடைக்கானலில் இருப்பவனும் புனேவில் இருப்பவனும் ஒரே மூலையில் சந்திக்கிறார்கள். இருவர் திரையிலும் ஓடுவது ஒரே கணம் இல்லை.

நீங்கள் மூலையிலிருந்து வெளியே அடி வைத்ததும் உங்கள் கணினி, ஆட்டத்தை நடத்தும் மையக் கணினியான சர்வரைக் கேட்காமலே உங்கள் திரையை நகர்த்திவிடுகிறது. இல்லாவிட்டால் விசை ஒட்டிக்கொண்டதுபோல் இருக்கும். காத்திருக்கும் எதிரியை அந்தக் கணமே நீங்கள் பார்த்துவிடுகிறீர்கள். ஆனால் நீங்கள் வெளியே வந்த செய்தி கம்பி வழியாகச் சர்வருக்குப் போய், அங்கிருந்து அவனுக்குப் போய், அவன் திரையில் வரையப்பட்ட பிறகுதான் அவன் உங்களைப் பார்க்கிறான். வெளியே வருகிறவனுக்குக் கிடைக்கும் இந்தச் சில பத்து மில்லி விநாடிகளைத்தான் பீக்கரின் லாபம் என்கிறார்கள். விளையாட்டுகளால் இதைக் குறைக்க முடியும், ஒழிக்க முடியாது. வலோரன்ட்டின் சர்வர் விநாடிக்கு 128 முறை கணக்கைப் புதுப்பிக்கிறது, அதாவது 7.8 மில்லி விநாடிக்கு ஒருமுறை. கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் குளோபல் அஃபென்சிவின் அதிகாரபூர்வ சர்வர்கள் 64 முறை புதுப்பித்தன. 2023 செப்டம்பரில் வந்த கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2, இரண்டு புதுப்பித்தலுக்கு நடுவில் விசை அழுத்தப்பட்ட சரியான கணத்தையும் சேர்த்து அனுப்புகிறது.

தூரத்தை மட்டும் யாராலும் குறைக்க முடியாது. கண்ணாடியிழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. வலோரன்ட்டின் இந்திய சர்வர் மும்பையில். கொடைக்கானலிலிருந்து நேர்கோட்டில் சுமார் 1,100 கிலோமீட்டர். போய்த் திரும்ப ஒளிக்கே 11 மில்லி விநாடி வேண்டும். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்குக்குச் சென்னையிலும் சர்வர் இருக்கிறது. சுமார் 440 கிலோமீட்டர், போய்வர நான்கைந்து மில்லி விநாடி. கம்பி நேர்கோட்டில் போவதில்லை. மலையிறங்கி, ஊர் ஊராகச் சுற்றி, சந்திப்புகளில் நின்று போகிறது. அதனால் செய்தி போய்வரும் நேரமாகத் திரையில் காட்டும் பிங் இதைவிடப் பல மடங்கு. மலையில் இருப்பவர்கள் இதிலிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்: ஒரே மூலையைக் குறிவைத்தபடி வெகுநேரம் காத்திருப்பதைக் குறையுங்கள். முடிந்தபோதெல்லாம் வெளியே வருகிறவராக நீங்கள் இருங்கள். காத்தே ஆக வேண்டுமென்றால் எதிரி எதிர்பார்க்காத இடத்தில் நில்லுங்கள். ஒரு குண்டு சுட்டதும் இடம் மாறுங்கள்.

கடைசியாக ஒரு வழக்கு. 2024 ஜூலையில் ரேசர் நிறுவனம் தன் கீபோர்டுகளில் ஸ்நாப் டேப் என்ற வசதியைக் கொண்டுவந்தது. வூட்டிங் நிறுவனமும் இதே மாதிரி ஒன்றைத் தந்தது. டி அழுத்தியிருக்கும்போதே ஏ-வை அழுத்தினால், டி-யிலிருந்து விரலை எடுக்காமலே கீபோர்டு அதை விட்டதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். இரண்டு விரல்கள் ஒத்துழைக்க வேண்டிய அந்த நுணுக்கமான வேலையில் பாதியை இயந்திரம் செய்துவிடும். ஆகஸ்ட் மாதமே, விளையாட்டை நடத்தும் வால்வ் நிறுவனம் கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2-ன் அதிகாரபூர்வ சர்வர்களில் இதைத் தடுத்தது. பயன்படுத்துவது தெரிந்தால் ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்படுவீர்கள். வாங்கிய கீபோர்டின் வசதியை ஏன் பயன்படுத்தக் கூடாது என்று பலர் சண்டை போட்டார்கள். நான் வால்வ் பக்கம். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் தன் ஆட்டக்காரர்களிடம் கேட்கும் திறமையே அந்தக் கணத்து நிறுத்தம்தான். அதைக் காசு கொடுத்து வாங்க முடிந்தால், பழைய கீபோர்டில் மாதக்கணக்கில் விரலைப் பழக்கிய பழனிப் பையனுக்கு நாம் அநியாயம் செய்கிறோம். 2022 டிசம்பரில் இந்திய அரசே இ-ஸ்போர்ட்ஸைப் பல்விளையாட்டுப் போட்டிகளின் பகுதியாக ஏற்றுக்கொண்ட பிறகு, எது ஆட்டக்காரனின் திறமை, எது கருவியின் திறமை என்ற கேள்வியை நம் போட்டி நடத்துபவர்களும் எழுத்தில் தீர்த்துவைக்க வேண்டும்.

பழக நினைப்பவர்கள் கீபோர்டு மாற்ற வேண்டாம். ஆளில்லாத மேப்பில் ஒரு சுவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். டி-யில் இரண்டடி ஓடுங்கள், ஏ-வைத் தட்டுங்கள், ஒரே ஒரு குண்டு. பிறகு ஏ-யில் ஓடுங்கள், டி-யைத் தட்டுங்கள், ஒரு குண்டு. தடத்தைப் பாருங்கள். தடம் விலகியிருந்தால் மவுஸைக் குறை சொல்லாமல் தட்டலின் நீளத்தைச் சற்று மாற்றிப் பாருங்கள். தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழத் தொடங்கியதும் துப்பாக்கியை மாற்றுங்கள். எம்4-க்கு ஒரு தட்டல், ஏடபிள்யூபி-க்கு வேறொரு தட்டல்.